280 என்று ஒரு பொய்

என் மேசையில் ஒரு சின்ன உலோகத் துண்டு கிடக்கிறது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்த ஒரே ஆள் என் அக்காவின் மகன், வயது பதினாறு.

"இது என்ன மாமா?"

"ஜப்பான்காரர் பதினைந்து வருசமாகச் சொன்ன பொய்" என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அவனுக்கு இந்த வருடம் ஜி-1 கிடைத்துவிட்டது. ஒரு பழைய சிவிக்குக்குக் காசு சேர்க்கிறான். சிப் மாற்ற எவ்வளவு, டர்போ போட எவ்வளவு என்று என்னைக் கேட்கிறான். நான் கணினித் துறையில் வேலை செய்கிறவன், பொறியியலில் முதுகலை முடித்தவன், கராஜில் 1992ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வைத்திருப்பவன். அக்காவோ "நீ சொன்னாக் கேப்பான், வேண்டாமெண்டு சொல்லு" என்கிறாள். அந்தக் காரை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? அதனால் வேண்டாம் என்று சொல்லாமல், அந்தக் கார் எப்படி வந்தது என்று சொன்னேன்.

கதை நிசானில் தொடங்கவில்லை. ஸ்கைலைன் என்ற பெயரில் 1957இல் முதல் கார் விட்டது பிரின்ஸ் என்ற கம்பனி. 1964இல் சுசுக்காவில் நடந்த ஜப்பான் கிராண்ட் பிரிக்கு அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்காகக் கட்டிய சாதாரணக் குடும்பக் காரின் மூக்கை 200 மில்லிமீற்றர் நீட்டி, அதற்குள் தங்களுடைய பெரிய காரான குளோரியாவின் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தார்கள். எதிரில் நின்றது போர்ஷே 904, பந்தயத்துக்கென்றே பிறந்தது. ஒரே ஒரு சுற்றில் அந்த நீண்ட மூக்குக் கார் போர்ஷேயை முந்தி ஓடியது. கடைசியில் வென்றது போர்ஷேதான். ஆனால் அந்த ஒரு சுற்றை ஜப்பான் இன்னும் மறக்கவில்லை. 1966இல் பிரின்ஸ் நிசானோடு சேர்ந்தது. 1969இல் ஜிடி-ஆர் என்ற எழுத்துகளோடு முதல் ஸ்கைலைன் வந்தது. 1973இல் வந்த இரண்டாவது தலைமுறையில் விற்றது 197 கார்கள்தான். புகைக் கட்டுப்பாடுகளும் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அதை முடித்துவிட்டன. அதன்பின் பதினாறு வருடம் அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை.

1989 ஓகஸ்டில் வந்ததுதான் ஆர்-32. இனிமேல் கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள்.

அந்தக் காலத்தில் குரூப் ஏ என்றொரு பந்தய வகுப்பு இருந்தது. கடையில் விற்கும் காரைத்தான் பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஒரு மாடலை ஒரே வருடத்தில் 5,000 கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். அதன் இன்னும் கூர்மையான பதிப்பு வேண்டுமென்றால் மேலும் 500. எஞ்சினின் கொள்ளளவை வைத்துத்தான் ஒரு கார் எந்தப் பிரிவு, எவ்வளவு எடை இருக்கவேண்டும், எவ்வளவு அகலமான டயர் போடலாம் என்று முடிவாகும். டர்போ இருந்தால் கொள்ளளவை 1.7ஆல் பெருக்க வேண்டும்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றி, அந்த விசிறியோடு ஒரே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சாமான். காற்று கூடினால் எரிபொருளும் கூடலாம், வலுவும் கூடும். அதனால்தான் அந்த 1.7.

நிசான் பொறியியலாளர்கள் முதலில் 2.4 லீற்றர் அளவில் ஒரு எஞ்சினை யோசித்தார்கள். ஆனால் 500, 600 குதிரைவலுவைப் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் கொடுத்தால் டயர் தாங்காது. எனவே நான்கு சக்கரத்துக்கும் வலு கொடுக்கும் அமைப்பு சேர்ந்தது. அது சேர எடை கூடியது. எடை கூடியதால் அடுத்த பிரிவுக்குப் போவதே லாபம், அங்கே இன்னும் அகலமான டயர் போடலாம். அந்தப் பிரிவின் எல்லை 4,500 சீசீ. ஆக எஞ்சினைப் பெரிதாக்கினார்கள்: 2,568 சீசீ. பெருக்கிப் பாருங்கள், 4,365.6 வரும். எல்லைக்குள்ளே, கொஞ்சம் மூச்சுவிட இடத்தோடு. ஆர்பி-26 என்று உங்களில் சிலர் டீசேர்ட்டில் போட்டுத் திரிகிறீர்களே, அந்த 26 ஒரு விதிப்புத்தகத்தின் பெருக்கல் கணக்கில் இருந்து வந்தது.

நான்கு சக்கர அமைப்பும் சாதாரணமானது அல்ல. வழக்கமாக இது பின்சக்கரக் கார்தான். பின்டயர் வழுக்கத் தொடங்குகிறது என்று உணரிகள் சொன்னால் கணினி ஒரு கிளச்சை இறுக்கி, தேவைப்பட்ட அளவு வலுவை, உச்சமாகப் பாதி வரை, முன்னுக்கு அனுப்பும். 1989இல், நம்மில் பலருடைய வீட்டில் கணினியே இல்லாத காலத்தில், இதை ஒரு காருக்குள் வைத்திருந்தார்கள். நான் இன்று வேலையில் எழுதுகிற நிரல்களில் பாதி இதைவிட மோசம்.

ஆக, 600 குதிரைவலு தாங்குவதற்காக வார்த்த இரும்பு எஞ்சின் ஒன்று தயார். இப்போதுதான் பொய் வருகிறது.

1988இல் ஜப்பான் வீதிகளில் இறந்தவர்கள் 10,000ஐத் தாண்டினார்கள். முன்பு 1970ஐ ஒட்டிய வருடங்களில் ஒருமுறை இப்படி உயர்ந்து, அரும்பாடுபட்டுக் குறைத்த எண்ணிக்கை அது. திரும்ப ஏறியபோது பத்திரிகைகள் அதை இரண்டாவது போக்குவரத்து யுத்தம் என்றே எழுதின. அரசு கார்க் கம்பனிகளைப் பார்த்து முறைத்தது. சட்டம் வருமுன் கம்பனிகளே தங்களுக்குள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காரும் 280 குதிரைவலுவுக்கு மேல் போகாது. வேகம் 180 கிலோமீற்றரில் தானாக வெட்டும்.

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. நிசானின் ஃபெயர்லேடி சீ 280. ஜிடி-ஆர் 280. ஹொண்டா என்எஸ்எக்ஸ் 280. ரொயோட்டா சுப்ரா 280. வேறு வேறு கம்பனி, வேறு வேறு எஞ்சின், ஒன்றுக்கு எட்டு சிலிண்டர், ஒன்றுக்கு இரண்டு ரோட்டர், எல்லாம் அச்சொட்டாக 280. வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஒரே மதிப்பெண் எடுத்தால் ஆசிரியர் என்ன நினைப்பார்? ஆனால் இது 2004 வரை நீடித்தது. அந்த வருடம் ஹொண்டா லெஜண்ட் 300 என்று அச்சடித்து வெளியே வந்தபோதுதான் முடிந்தது.

கடையில் இருந்து வந்த ஜிடி-ஆரே உண்மையில் 300ஐத் தாண்டும் என்று அளந்து பார்த்த பலரும் சொல்கிறார்கள். அதற்கு மேல் போகாமல் பிடித்து வைத்ததில் ஒரு பங்கு என் மேசையில் கிடக்கும் இந்தத் துண்டுக்கு. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர் குழாய்க்குள் இதைச் செருகி வைத்திருப்பார்கள். குறடு ஒன்று இருந்தால் பத்து நிமிடம். இழுத்து எடுத்துவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினால் அழுத்தம் 0.7 பார் அளவில் இருந்து 1 பாரை நெருங்கும். காசு செலவில்லை. உலகத்திலேயே மலிவான டியூனிங் இதுதான்.

இந்த எழுதாத உடன்படிக்கைக்குக் கீழேதான் ஜப்பானின் டியூனிங் தொழில் கொழுத்தது. அது புதிதாகப் பிறந்ததும் அல்ல. யமஹாவில் பொறியியலாளராக இருந்த ஹிரோயுக்கி ஹசெகாவா, எச்.கே.எஸ். என்ற கடையைத் தொடங்கியது 1973இல். மைன்ஸ் என்ற இன்னொரு கடை இரும்பைத் தொடுவதைவிட காரின் கணினிக்குள் இருக்கும் நினைவகச் சில்லைத் திருப்பி எழுதுவதில் பேர் எடுத்தது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்ற அட்டவணைகள் அதற்குள் இருக்கின்றன. எண்களை மாற்றினால் காரின் குணமே மாறும். சட்டம் 1990களின் நடுவில் தளரும்வரை இந்தக் கடைகளின் வேலையில் பாதி, பொலிசுக்கும் வாகனப் பரிசோதனைக்கும் தெரியாமல் நடந்த வேலைதான்.

ஆனால் இலவசம் என்று நான் சொன்ன அந்தப் பத்து நிமிட வேலைக்கும் ஒரு விலை உண்டு. ஆர்-32இன் டர்போவில் புகை சுழற்றும் விசிறி இரும்பு அல்ல, செராமிக். எடை குறைவு, வேகமாகச் சுழலத் தொடங்கும், ஆகவே கால் வைத்ததும் கார் பாயும். சூடும் அழுத்தமும் 1 பாரைத் தாண்டி நீடித்தால் அது தண்டில் இருந்து கழன்று தூளாகிப் போகும். அடுத்தது எண்ணெய்ப் பம்ப். ஆரம்பகால எஞ்சின்களில் கிராங்குத் தண்டு பம்பைப் பிடிக்கும் இடம் குறுகலாக இருக்கும். எஞ்சினைத் திரும்பத் திரும்ப உச்சச் சுழற்சிக்கு இழுத்தால் பம்பின் பல்சக்கரம் வெடிக்கும். எண்ணெய் இல்லாத எஞ்சின் சில நொடிதான். இன்ஸ்டாகிராமில் 1,000 குதிரைவலு என்று போடுகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றினார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். 1,000 எனக்குப் பெரிதாகப் படுவதில்லை. ஒரு காரை நாள் முழுக்க பந்தயப் பாதையில் ஓட்டி, அதே காரில் வீட்டுக்கு வந்தவனைத்தான் எனக்குப் பிடிக்கும்.

பந்தயப் பாதையில் என்ன நடந்தது என்றால், பந்தயமே இல்லாமல் போனது. ஜப்பானின் குரூப் ஏ தொடரில் 1990 முதல் 1993 வரை 29 பந்தயம், 29இலும் வென்றது ஜிடி-ஆர். மற்றவர்கள் வேறு கார் ஓட்டுவதில் அர்த்தமே இல்லாமல் போயிற்று.

அவுஸ்திரேலியாவில் கதை இன்னும் சுவாரசியம். சிட்னி, மெல்பேர்ன் பக்கம் இருக்கும் உங்களுக்கு பாதர்ஸ்ட் தெரிந்திருக்கும். மலையைச் சுற்றி 1,000 கிலோமீற்றர், அங்கே அது திருவிழா. ஹோல்டன் ஆட்கள் ஒரு பக்கம், ஃபோர்ட் ஆட்கள் மறுபக்கம், பரம்பரை பரம்பரையாக. 1991இல் மார்க் ஸ்கெய்ஃபும் ஜிம் ரிச்சர்ட்சும் ஒரு நிசானில் வந்து வென்றார்கள். இந்தக் காருக்கு கொட்சில்லா என்று பெயர் வைத்ததும் ஒரு அவுஸ்திரேலிய சஞ்சிகைதான், கார் அங்கே வருமுன்னே. அடுத்த வருடம் அதன்மேல் எடை ஏற்றினார்கள், டர்போ அழுத்தத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்படியும் முன்னுக்குத்தான் நின்றது. 1992 பந்தயத்தின் கடைசியில் மழை கொட்டியது. வழுக்கி மோதிய பல கார்களில் ரிச்சர்ட்ஸ் ஓட்டிய ஜிடி-ஆரும் ஒன்று. பந்தயத்தை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் முந்தைய சுற்றின் நிலைதான் முடிவு என்பது விதி. அதன்படி, நொருங்கிக் கிடந்த கார் வென்றது.

கூட்டம் கூச்சல் போட்டது. மேடையில் நின்ற ரிச்சர்ட்ஸ் ஒலிவாங்கியில் அவர்களைத் திருப்பித் திட்டினார். அன்று அதே பந்தயத்தில், அவரைப் போலவே நியூசிலாந்தில் பிறந்த டென்னி ஹல்ம், 1967இன் ஃபோர்முலா ஒன் உலகச் சம்பியன், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்து இறந்திருந்தார். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் காணொளியைப் பாருங்கள், அவருடைய முகம் வேறு மாதிரித் தெரியும். 1993இல் அங்கே குரூப் ஏ இல்லை. ஹோல்டனும் ஃபோர்டும் ஓட்டும் ஐந்து லீற்றர் வி-8 கார்களுக்காகப் புது விதி வந்தது. வெளியில் இருந்து வந்தவன் விதிக்குள் நின்று வென்றால் விதி மாறும் என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தி அல்ல. ஆனாலும் நியாயமாகப் பேசினால், ஒரே கார் எல்லாவற்றையும் வெல்லும் தொடரைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? எனக்கே அலுத்திருக்கும்.

இதெல்லாம் ஸ்காபரோவில் வளர்ந்த எனக்கு எப்படித் தெரியவந்தது? பிளேஸ்டேசனில். 1990களின் கடைசியில் கிரான் டூரிஸ்மோ விளையாட்டில்தான் ஸ்கைலைன் என்ற பெயரையே நான் முதலில் பார்த்தேன். எங்கள் மாடிக் குடியிருப்பின் தரிப்பிடத்தில் அண்ணாமார் சிவிக்குகளுக்குப் புகைக்குழாய் மாற்றி, பின்னால் இறக்கை வைத்து, சத்தமாகப் பாட்டுப் போட்டு நின்றார்கள். அப்பா அம்மா இரண்டு வேலை. கார்தான் அவர்களுக்கு வீட்டுக்கு வெளியே இருந்த ஒரு அறை. நான் அதைக் கேவலமாகப் பேசமாட்டேன். அந்தத் தரிப்பிடத்தில்தான் நான் முதன்முதலில் ஸ்பானர் பிடித்தேன்.

இரவில் வீதியில் ஓடவும் செய்தோம். செய்தோம் என்றுதான் எழுதவேண்டும், செய்தார்கள் என்று எழுதினால் அது என்னுடைய 280.

2006 ஜனவரியில் ரொறன்ரோவில் பதினெட்டு வயதுப் பெடியன்கள் இருவர் தங்கள் வீட்டுக் கார்களை எடுத்து வீதியில் பந்தயம் ஓட்டினார்கள். ஒரு டாக்சி சாரதி இறந்துபோனார். பாகிஸ்தானில் இருந்து வந்தவர், இன்னும் சில நாளில் கனடியக் குடியுரிமை எடுக்க இருந்தவர். காருக்குள் ஒரு கார்ப் பந்தய விளையாட்டின் பெட்டி கிடந்தது என்று செய்தியில் சொன்னார்கள். என்னிடமும் அதே தொடர் விளையாட்டு இருந்தது. அந்தச் செய்தி ஓடும்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த வருடம், 2007 செப்டெம்பர் கடைசியில், ஒன்டாரியோவில் புதுச் சட்டம் வந்தது. குறித்த வேகத்துக்கு மேல் 50 கிலோமீற்றர் போனால் அந்த இடத்திலேயே காரைத் தூக்குவார்கள், அனுமதிப்பத்திரம் ஏழு நாளைக்கு இல்லை. அதன்பின் அது இன்னும் இறுகிவிட்டது: 2021இல் இருந்து கார் 14 நாள், அனுமதிப்பத்திரம் 30 நாள். என் மருமகன் இந்த எண்களை என்னைவிட நன்றாகச் சொல்லுவான். ஜப்பான் 280 என்று காரைப் பிடித்தது. நாங்கள் ஆளைப் பிடித்தோம். எது வேலை செய்தது என்று அவன் கேட்டான். கடதாசியில் எழுதியதை ஒரு குறடு முறியடிக்கும் என்றால் காரைப் பிடிப்பது கஷ்டம் என்று சொன்னேன்.

இனி என் கார். கனடாவில் பதினைந்து வயதான காரை வெளிநாட்டில் இருந்து பெரிய சிக்கல் இல்லாமல் இறக்கலாம். அமெரிக்காவில் இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டும். ஆக முதல் ஆர்-32கள் எங்களுக்கு 2004இலேயே வந்துவிட்டன, தெற்கே இருந்தவர்கள் 2014 வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கியது 2015இல். வலப்பக்க ஸ்டியரிங். சித்தப்பா ஏறி உட்கார்ந்ததும் சொன்னது: "அப்பாடா, இருபது வருசத்துக்குப் பிறகு சரியான பக்கத்தில இருக்கிறன்."

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். 1996இல் வந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு ஒஸ்ரின் ஏ-40 வைத்து வாடகைக்கு ஓடினவர். இங்கே ஒரு கராஜில் வேலை செய்து இளைப்பாறிவிட்டார்.

நான் கார் வந்த முதல் கிழமையே அந்த உலோகத் துண்டை இழுத்து எடுத்தேன். அழுத்தமானி ஏறியது, என் முதுகு இருக்கையில் ஒட்டியது. சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் காலை ஊன்றினேன்.

"டேய், தட்டுது."

"என்ன சித்தப்பா?"

"எஞ்சின் தட்டுது. கேக்கேல்லையே உனக்கு? போத்தலுக்குள்ள சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி."

"மடிக்கணினியில ஒண்டும் காட்டேல்லையே."

"அதுக்குக் காது இல்லை. காலை எடு."

எடுத்தேன். என்ன பெற்றோல் அடிச்சனீ என்று கேட்டார். 91, இங்கே விற்கும் விலைகூடிய வகை என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது விளங்கியது. முந்தின சொந்தக்காரர் ஜப்பானிலேயே சில்லை மாற்றியிருந்தார். அந்த அட்டவணை ஜப்பானில் கிடைக்கும் 100 ஒக்டேனுக்கு எழுதியது. எங்கள் 91 வேறு முறையில் அளக்கும் எண், அவர்களுடைய கணக்கில் அது கிட்டத்தட்ட 95. எரிபொருள் தானாக வெடிக்காமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதுதான் ஒக்டேன். குறைந்த ஒக்டேன், முந்திய தீப்பொறி, கூடிய டர்போ அழுத்தம், மூன்றையும் நானே சேர்த்து வைத்திருந்தேன். போதாததற்கு, தட்டலைக் கேட்கும் உணரியை அந்தச் சில்லில் யாரோ அணைத்துவிட்டிருந்தார்கள். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

"உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?" என்றேன்.

"மண்ணெண்ணெயில கார் ஓடினவனுக்குக் கேக்காமலோ?"

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் தடை. அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை வீட்டில் பலதடவை கேட்டிருப்பீர்கள். கொஞ்சப் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், பின்னால் வெள்ளைப் புகை. நானும் கேட்டிருந்தேன், ஒரு கஷ்டகாலக் கதையாக. அன்றைக்குத்தான் அது டியூனிங் என்று உறைத்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிக மிகக் குறைவு. அதனால் எஞ்சின் தட்டும். தட்டலைக் குறைக்க சித்தப்பா டிஸ்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தவைப்பாராம். காதை வைத்துக் கேட்பது, திருப்புவது, திரும்பக் கேட்பது. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப்போகிற கார் அது, வழியில் நிற்கக்கூடாது. மைன்ஸ் கடைக்காரர் ஆயிரக்கணக்கான டொலருக்குச் சில்லில் எழுதிய அதே எண்ணைத்தான் அவர் ஒரு ஸ்பானரால் எழுதினார். வலு கூட்டுவதற்கு அல்ல, ஓடவைப்பதற்கு.

பிறகு நான் ஒழுங்காகச் செய்தேன். இரும்பு விசிறி உள்ள டர்போ, புது எண்ணெய்ப் பம்ப், 94 ஒக்டேனுக்கு எழுதிய அட்டவணை, 0.9 பாரோடு நிறுத்தம். அழுத்தத்தை இப்போது ஒரு மின்வால்வு பார்க்கிறது, அதனால்தான் துண்டு மேசையில். சக்கரத்தில் 300ஐக் கொஞ்சம் தாண்டியது. எனக்குப் போதும்.

போதும் என்று நினைத்துத்தான் பந்தயப் பாதைக்குப் போனேன். ஆறாவது சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். மிதி தரைவரைக்கும் போனது. காற்றை மிதித்ததுபோல. சரளைக்கல்லுக்குள் போய் நின்றேன், காருக்கும் எனக்கும் காயம் இல்லை. எஞ்சினுக்கு அவ்வளவு செலவழித்த நான் பிரேக் எண்ணெயை மாற்றவில்லை. டொட்-4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரம். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சியபின் அது 155 வரைக்கும் இறங்கலாம். கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் அமுங்கும், சக்கரம் நிற்காது. இந்தக் காரின் பிரேக் போதாது என்பது நிசானுக்கே தெரியும். 1993இல் வி-ஸ்பெக் என்று ஒன்று விட்டபோது பிரெம்போ பிரேக்கும் பெரிய சக்கரமும் போட்டார்கள்.

சரி, பந்தயத்துக்கான பிரேக் கட்டையைப் போடலாமே? போட்டேன். அது சூடானால்தான் பிடிக்கும். அடுத்த திங்கள் காலை, குளிரில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் மிதித்தபோது கார் நான் நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது. அன்றே கழற்றினேன். பாதையில் நல்லது வீதியில் ஆபத்து, வீதியில் நல்லது பாதையில் கொதிக்கும். விறைப்பான சுருள்வில்லும் அப்படித்தான், வழுவழு டயரும் அப்படித்தான். இப்போது இரண்டு சோடிக் கட்டைகள் வைத்திருக்கிறேன். பாதையில் மாற்றுவேன், வீட்டுக்கு வருமுன் திரும்ப மாற்றுவேன். நாற்பது நிமிடம். கூட வருகிற கூட்டாளிகள் அலுத்துக்கொள்வார்கள், அலுக்கட்டும்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சிவிக்குக்கு என்ன முதல் செய்யிறது?" என்றான். போன சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டு ஜிடி-ஆரின் சக்கரங்களைக் கழற்றவைத்தேன். புது எண்ணெய்ப் போத்தலை உடைத்தோம். அவன் உள்ளே இருந்து மிதிக்கவேண்டும், நான் கீழே கிடந்து ஆணியைத் திறந்து மூடவேண்டும். சித்தப்பா கதிரை போட்டு இருந்து, கண்ணாடிக் குழாயில் குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

"அமத்து. பிடி. விடாத. ம், இப்ப விடு."

மூன்று சக்கரம் முடிந்தபோது அவன் உள்ளே இருந்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான். சித்தப்பா குழாயைப் பார்த்தபடியே, "குமிழி இருக்கு, திரும்ப அமத்து" என்றார்.